தூண்டிலில் எதைக் கோர்ப்பது?

மீன் பிடிப்பதில் பாவ புண்ணியம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முள்ளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். முள் குத்தினால் மீனுக்கு வலிக்குமா, கொல்வது சரியா என்று. இரையைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. தூண்டிலில் எதைக் கோர்ப்பது என்பது அனுபவசாலியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கைவேலை, அதில் அறம் எங்கே வந்தது என்று தோன்றும். எனக்கு நேர் எதிராகத் தோன்றுகிறது. தூண்டில் போடுகிறவன் உண்மையில் ஒரு முடிவு எடுக்கிறான் என்றால் அது இரையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான். முள் எல்லா மீனுக்கும் ஒன்றுதான். அளவு கூடும் குறையும், அவ்வளவே. இரை அப்படியில்லை. எதிரில் இருக்கும் உயிர் எதற்கு வாயைத் திறக்கும் என்று தெரிந்துகொண்டு, அந்த அறிவை அதற்கு எதிராகவே பயன்படுத்துவதுதான் இரை.

அப்படியானால் கேள்வி இது: இன்னொரு உயிரைப் பற்றி நமக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அதற்கு எதிராகப் பயன்படுத்தலாமா? பயன்படுத்தக் கூடாதது என்று ஏதாவது இருக்கிறதா?

இந்தக் கேள்வியைப் பொதுவாக வைத்துப் பேசினால் காற்றில் போய்விடும். ஒரு மீனை வைத்துப் பேசலாம். விராலை.

*

வேப்பந்தட்டைப் பக்கத்து ஏரிகள் பெரும்பாலும் மழையை நம்பி இருப்பவை. மேற்கே பச்சைமலை. மலையில் மழை பெய்தால் ஓடைகளிலும் கல்லாற்றிலும் தண்ணீர் வரும், ஏரி பிடிக்கும். ஐப்பசி கார்த்திகையில் நிரம்பி, சித்திரை வைகாசியில் பல ஏரிகள் நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கிவிடும். சில வருடம் குட்டையும் மிஞ்சாது. அப்படிப்பட்ட ஏரிக்கு விரால் ரொம்பப் பொருத்தமான மீன். செவுளுக்கு மேலே அதற்குத் தனியாக ஒரு காற்றறை இருக்கிறது. தண்ணீரில் இருந்தாலும் மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டுப் போகும். தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். சந்தையில் மற்ற மீனெல்லாம் ஐஸில் கிடக்க, விரால் மட்டும் அலுமினிய அன்னக்கூடையில் உயிரோடு நெளிந்துகொண்டிருப்பதற்குக் காரணம் அந்தக் காற்றறைதான். தெலங்கானாவில் இதைத்தான் மாநில மீனாக அறிவித்திருக்கிறார்கள்.

ஏரிக்கரையில் நிற்கிறவனுக்கு எந்த மீனுக்கு எது என்பது மனப்பாடம். கெண்டைக்கும் கெளுத்திக்கும் மண்புழு. ரோகு, மிர்கால் மாதிரி விட்டு வளர்க்கிற மீனுக்கு மைதா உருண்டை, கொஞ்சம் வாசனைக்குப் புண்ணாக்கு. விராலுக்கு இதெல்லாம் செல்லாது. விரால் வேட்டையாடுகிற மீன். அசைகிறதைத்தான் அது நம்பும். அதனால் உயிருள்ள சின்னத் தவளை, இல்லையென்றால் சின்னக் கெண்டை. அயிரையை விட்டு விராலைப் பிடிக்கிறது என்று நம் ஊரில் பேச்சுவழக்காகவே சொல்வார்கள். சின்னதைக் கொடுத்துப் பெரியதை வாங்கும் சாமர்த்தியத்துக்கு அது உவமை. அந்த உவமையில் அயிரைக்கு என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை.

கருவியும் அதற்கேற்ற மாதிரிதான். கெண்டைக்குப் போடுகிற மெல்லிய நரம்பு விராலுக்கு ஆகாது. அது கடித்தவுடன் தாமரைக்குள்ளோ கோரைக்குள்ளோ புகுந்து சுற்றிக்கொள்ளும். தடித்த நரம்பு, பெரிய முள், வளையாத மூங்கில் கழி. தக்கையும் ஈயமும் வேண்டாம், தவளை மேலே நீந்த வேண்டும். தொடைத் தோலிலோ முதுகுத் தோலிலோ முள்ளைக் கோர்ப்பார்கள். உள்ளே ஆழமாகக் குத்தினால் தவளை செத்துவிடும். செத்த தவளை நீந்தாது. ஆகவே சாகாமல் குத்தத் தெரிந்தவன்தான் கைகாரன்.

இப்போது ரப்பர் தவளை வந்துவிட்டது. ஆன்லைனில் வாங்கலாம், பெரம்பலூர்க் கடையிலேயே கிடைக்கும். உள்ளே காற்றடைத்த மெத்தென்ற உடம்பு, பின்னால் பாவாடை மாதிரி தொங்கும் இழைகள், முதுகை ஒட்டி மேல்நோக்கி வளைந்த இரட்டை முள். முள் உடம்போடு ஒட்டியிருப்பதால் செடி கொடியில் மாட்டாது. விரால் கடித்து அமுக்கும்போதுதான் வெளியே வரும். பின்னல் நரம்பு சுற்றிய ரீலும் குட்டையான ராடும் வைத்துக்கொண்டு பையன்கள் பைக்கில் ஏரி ஏரியாகச் சுற்றுகிறார்கள். யூடியூபில் விரால் வேட்டை வீடியோவுக்குப் பஞ்சமே இல்லை. தூண்டில் போடுவது சாப்பாட்டுக்கான வேலை என்பதிலிருந்து பொழுதுபோக்காகவும் திறமையாகவும் மாறிக்கொண்டிருக்கிறது. இரையைப் பற்றிய கேள்வி இந்த இடத்தில்தான் கூர்மையாகிறது.

*

முதலில் தவளையின் பக்கம்.

இங்கிலாந்தில் ஐசக் வால்டன் என்பவர் எழுதி 1653இல் முதலில் வெளியான தூண்டில் நூல் ஒன்று இன்றும் அச்சில் இருக்கிறது. அதில் பைக் என்ற மீனைப் பிடிக்க உயிருள்ள தவளையை எப்படிக் கோர்ப்பது என்று விளக்கமாகச் சொல்கிறார். சொல்லிக்கொண்டே வந்தவர், அந்தத் தவளையை நேசிப்பது போலக் கையாளுங்கள் என்கிறார். காரணத்தையும் அவரே சொல்லிவிடுகிறார்: அப்போதுதான் அது கூடுதல் நேரம் உயிரோடு இருக்கும். நம் ஊர்க் கைகாரனின் அதே அறிவுதான். ஆனால் அன்பு என்ற சொல்லை அங்கே கொண்டுவந்து வைத்ததில் ஒரு கூச்சம் தெரிகிறது. கவிஞர் பைரனுக்கு இது பொறுக்கவில்லை. அந்தக் கிழவரின் தொண்டையிலேயே ஒரு முள்ளை மாட்டி ஒரு குட்டி மீனை விட்டு இழுக்க வேண்டும் என்று தன் நெடுங்கவிதை ஒன்றில் திட்டி வைத்தார்.

அந்தப் பைக், ஒரு வகையில் குளிர் நாடுகளின் விரால். நீண்ட மூக்கு, வாய் நிறையப் பல். செடிகளுக்கிடையில் அசையாமல் நின்று திடீரென்று பாயும். ஃபின்லாந்திலும் கனடாவிலும் ஏரி உறைந்தபின் பனிக்கட்டியைத் துளைத்து, அந்த ஓட்டை வழியாக இதைப் பிடிப்பார்கள். ஓட்டையின் மேல் ஒரு சின்னச் சட்டம், அதில் மடக்கிய கொடி. கீழே மீன் இரையை இழுத்தால் கொடி நிமிரும். பல் நரம்பை அறுத்துவிடும் என்பதால் முள்ளுக்கு மேலே ஒரு சாண் எஃகுக் கம்பி கட்டுவார்கள். அவர்களுக்கும் பெரிய விவாதம் இரையைப் பற்றித்தான்: உயிருள்ள சின்ன மீனா, செத்த மீனா?

ஜெர்மனியிலும் நார்வேயிலும் உயிருள்ள மீனை இரையாகக் கோர்ப்பதைத் தடை செய்திருக்கிறார்கள். தடை வந்ததால் பைக் பிடிப்பது நின்றுவிடவில்லை. குளிர்காலத்தில் பைக் செத்த மீனையும் எடுக்கும். அசைகிறதைத் துரத்திச் சக்தியை வீணாக்குவதைவிடக் கிடக்கிறதைத் தின்பது அதற்கு லாபம். இவ்வளவு காலம் உயிருள்ள மீனைக் குத்தித் தொங்கவிட்டதற்குத் தேவை என்று சொல்லப்பட்ட காரணத்தில் பாதி, பழக்கம்தான் என்று இப்போது தெரிகிறது.

நம் நாட்டிலும் இதைத் தொடும் சட்டம் ஒன்று உண்டு. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், வெறும் கேளிக்கைக்காக ஒரு விலங்கை இன்னொரு விலங்குக்கு இரையாகும்படி அடைத்து வைப்பதைக் குற்றம் என்கிறது. புலிச் சரணாலயத்திலோ வேறு சரணாலயத்திலோ ஒரு விலங்கை இரையாகக் கட்டிவைப்பதை அது வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. அந்தச் சட்டத்தில் விலங்கு என்றால் மனிதரல்லாத எந்த உயிரும்தான். தவளையை முள்ளில் கோர்ப்பதை இந்தப் பிரிவு பிடிக்குமா என்று வழக்கறிஞர் போல நான் வாதாடப் போவதில்லை. சட்டம் போட்டிருக்கும் கோடுதான் எனக்கு முக்கியம்: சாப்பாட்டுக்காகச் செய்வது வேறு, பார்த்து ரசிக்கச் செய்வது வேறு. இரவுச் சோற்றுக்கு ஒரு விரால் வேண்டும் என்று தவளையைக் கோர்க்கிறவரையும், வீடியோவில் அந்தப் பாய்ச்சல் பதிவாக வேண்டும் என்று கோர்க்கிறவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இரண்டாமவருக்கு ரப்பர் தவளை இருக்கிறது. அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. அவர் உயிருள்ளதைக் கோர்க்க ஒரு காரணமும் மிச்சமில்லை.

ஆக, தவளையின் கேள்விக்கு ரப்பர் ஓரளவு பதில் சொல்லிவிட்டது. விராலின் கேள்விக்குத்தான் அது பதிலாகவில்லை. சொல்லப்போனால் அதைக் கூட்டியிருக்கிறது.

*

மழை பெய்து புதுத் தண்ணீர் வந்ததும் விரால் ஜோடி சேரும். செடிகளுக்கு நடுவில் ஒரு வட்டம் சுத்தம் செய்து முட்டையிடும். முட்டைகள் மேலே மிதக்கும். ஓரிரு நாளில் பொரிந்து குஞ்சுகள் கூட்டமாகத் திரள ஆரம்பிக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் செக்கச்செவேல் என்று, ஒரு கை மிளகாய்த்தூளைத் தண்ணீரில் தூவிய மாதிரி. காற்று குடிக்க அவை அடிக்கடி மேலே வர வேண்டும். நூற்றுக்கணக்கில் ஒன்றாக மேலே வரும்போது அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுவது போலத் தண்ணீர் சிலிர்க்கும். அதற்கு நேர் கீழே பெரிய விரால் நிற்கும். சுண்டுவிரல் நீளம் வந்து நிறம் கறுத்து அவை பிரிந்து போகிறவரைக்கும் கூடவே இருக்கும். கிட்டே வருவது தவளையோ தண்ணீர்ப் பாம்போ குறவையோ, எதுவானாலும் பாயும்.

தூண்டில்காரர்களுக்கு இந்தச் சிலிர்ப்பு நன்றாகத் தெரியும். வேறெந்தச் சமயத்திலும் ஏரியில் விரால் எங்கே இருக்கிறது என்று ஊகிக்கத்தான் முடியும். இந்தச் சில வாரம் மட்டும் அது தன் இடத்தைத் தானே காட்டிக்கொண்டு நிற்கிறது. தவளையைக் குஞ்சுக் கூட்டத்தின் நடுவில் எறிந்து இழுக்க வேண்டியதுதான். முதல் தடவை பாயாமல் இருக்கலாம். மறுபடி எறிந்து இழுத்தால், மூன்றாவதோ நான்காவதோ தடவையில் டப்பென்று அடிக்கும். வயிறு நிறைந்திருந்தாலும் அடிக்கும். அது அங்கே சாப்பிட வரவில்லை.

எங்கள் பக்கத்தில் தூண்டிலில் நல்ல கை என்று பெயரெடுத்த ஒரு அண்ணனிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

“குஞ்சோட இருக்கறப்ப போடுவீங்களாண்ணே?”

“போடுவேன் தம்பி. ஏன் போடாம? அப்பதான் நிச்சயமா மாட்டும்.”

“பசியில்லாமயே கடிக்குதே, அது உங்களுக்கு ஒரு மாதிரி இல்லையா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். “கடிக்கறப்பவே தெரியும் தம்பி. பசியில கடிச்சா உள்ள வாங்கிட்டுப் போகும், நரம்ப இழுத்துக்கிட்டுப் போறது தெரியும். குஞ்சுக்குக் காவல் நிக்கறது அப்படிக் கடிக்காது. அடிச்சுத் தள்ளும். பாதி நேரம் முள்ளு வாய்க்குள்ள கூட இருக்காது, ஓரத்துல மாட்டியிருக்கும்.”

அவர் இதை ஒரு நுட்பத் தகவலாகத்தான் சொன்னார், எப்போது சுண்டி இழுக்க வேண்டும் என்று விளக்குவதற்காக. எனக்கு அதில் வேறொன்றும் இருந்தது. இரண்டு கடியும் ஒன்றல்ல என்பதற்கு அவர் கையே சாட்சி.

*

தமிழில் தூண்டில் முள்ளை விழுங்கிய மீன் என்றாலே அறிவுரைதான் நினைவுக்கு வரும். வள்ளுவர் சூது அதிகாரத்தைத் தொடங்குவதே அந்த மீனை வைத்துத்தான். சூதில் வருகிற வெற்றி, மீன் விழுங்கிய தூண்டில் இரும்பு மாதிரி என்பது அங்கே பொருள். கிடைத்தது என்று நினைக்கிறாய், அது உன்னைப் பிடித்திருக்கிறது. நல்ல உவமைதான். அதில் ஒரு தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது: மாட்டியதற்கு மீனின் ஆசைதான் காரணம். பொறுப்பில் பாதி மீனுக்குப் போய்விடுகிறது. தூண்டில்காரனின் நெஞ்சு கொஞ்சம் லேசாகிறது.

காவல் நிற்கும் விரால் அந்த உவமைக்குள் அடங்காது. அது எதற்கும் ஆசைப்படவில்லை. எதையும் எடுத்துக்கொள்ள வாயைத் திறக்கவில்லை. ஆபத்து என்று நினைத்ததைத் தன் குஞ்சுகளுக்கும் அதற்கும் நடுவில் புகுந்து அடித்தது. தவறு என்று சுட்டிக்காட்ட அதனிடம் ஒன்றுமில்லை. எல்லாம் சரியாகச் செய்ததால்தான் மாட்டியது.

இந்த வித்தியாசம் மனித விஷயத்தில் நமக்கு நன்றாகவே தெரியும். லாட்டரியில் கோடி ரூபாய் விழுந்திருக்கிறது என்று வந்த போனை நம்பிப் பணம் கட்டி ஏமாந்தவரைப் பார்த்து ஊர் என்ன சொல்லும்? பாவம் என்று ஒரு வார்த்தை, கூடவே பேராசை என்று ஒரு வார்த்தை. இன்னொரு போன் வருகிறது: உங்கள் பையனைப் போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது, உடனே பணம் அனுப்பினால் விட்டுவிடுவார்கள். பின்னால் யாரோ அழுகிற சத்தம். பணத்தை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவைப் பார்த்துப் பேராசை என்று யாராவது சொல்ல முடியுமா? இரண்டிலும் போன தொகை ஒன்றாகவே இருக்கலாம். இரண்டும் மோசடிதான். ஆனாலும் இரண்டாவதைக் கேட்டவுடன் நமக்கு வருகிற கோபம் வேறு. காரணம் தொகையில் இல்லை. அந்த அம்மாவிடம் இருந்ததிலேயே நல்லது எதுவோ, அதையே பிடியாகப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அடுத்த முறை உண்மையாகவே மகன் அழைத்தாலும் அவள் ஒரு நிமிஷம் தயங்குவாள். திருடியது பணத்தை மட்டுமில்லை.

மகாபாரதத்தில் துரோணர் விழுந்ததும் இப்படித்தான். வில்லால் அவரை வெல்ல முடியாது என்று தெரிந்தபின், அஸ்வத்தாமன் இறந்தான் என்ற செய்தியை அவர் காதில் போட்டார்கள். யானை ஒன்றுக்கு அதே பெயர் இருந்தது என்பது தர்மனின் வாய்க்குக் கிடைத்த சமாதானம். போர் முழுக்க எத்தனையோ தந்திரங்கள் நடக்கின்றன. ஆனால் தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த தர்மனின் தேர் மண்ணில் இறங்கியதாகக் கதை சொல்வது இந்த இடத்தில்தான். பொய் சொன்னதால் இறங்கியது என்று பொதுவாகச் சொல்வோம். பொய்யோடு இன்னொன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தப் பொய்யைத் துரோணரின் ஆணவத்தின் மீதோ வெறியின் மீதோ எறியவில்லை. மகன் மீது வைத்திருந்த பாசத்தின் மீது எறிந்தார்கள்.

*

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை நிறைய. மூன்றையாவது எடுத்துப் பேச வேண்டும்.

முதலாவது: எப்படிப் பிடித்தாலும் விரால் போகப்போவது குழம்புச் சட்டிக்குத்தான். பசியில் மாட்டினாலும் பாசத்தில் மாட்டினாலும் சாவு ஒன்றுதானே? விராலுக்கு மட்டும் பார்த்தால் ஆமாம், கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் காவல் நிற்கும் விராலைத் தூக்கினால் சாவது அது மட்டுமில்லை. கெண்டையும் குறவையும் பாம்பும் சுற்றி வரக் காத்திருக்கின்றன. வட அமெரிக்காவில் பாஸ் என்ற மீனின் ஆண் இதேபோல் கூட்டைக் காவல் காக்கும். அதைத் தூண்டிலில் பிடித்துத் திரும்ப விட்டால்கூட, அது கூட்டுக்கு வந்து சேர்வதற்குள் சின்ன மீன்கள் புகுந்து முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுகின்றன என்று ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் பல பகுதிகளில் ஜூன் பிற்பகுதிவரை பாஸ் பிடிக்கக் கூடாது என்று வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம். ஆகவே ‘பிடிச்சுட்டு விட்டுடறோம் ப்ரோ’ என்பது இங்கே பதிலாகாது. விட்டுவிடுவது ஒரு மீனை. போவது ஒரு தலைமுறை.

இரண்டாவது கொஞ்சம் கடினமானது: மீனுக்கு ஏது பாசம்? குஞ்சு பக்கத்தில் இருந்தால் அசைகிறதை அடி என்று உடம்பில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். விரால் குஞ்சுகளே ஒன்றையொன்று தின்னக்கூடியவை. பண்ணையில் அளவு வாரியாகப் பிரித்துவிடாவிட்டால் பெரியது சின்னதை விழுங்கிவிடும். இந்த மீனைத் தாய் தெய்வமாக்கி அழுவது மனிதனின் சினிமா.

இதில் பாதி உண்மை. விராலின் உள்ளே என்ன நடக்கிறது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மீனுக்கு வலி உண்டா என்பதே இன்னும் சண்டைதான். ட்ரவுட் மீனின் வாயில் வலியை உணரும் நரம்பு முனைகள் இருப்பதை 2003இல் லின் ஸ்னெடன் குழுவினர் காட்டினார்கள். அதை வலி என்று சொல்லலாமா என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் என் வாதம் விராலின் மனசை நம்பி நிற்கவில்லை. பைக் வசந்தத்தில் வெள்ளம் ஏறிய புல்லில் முட்டையைத் தூவிவிட்டுப் போய்விடும். திரும்பிப் பார்க்காது. தன் இனத்துக் குட்டியே எதிரில் வந்தாலும் விழுங்கும். பைக்கைப் பசியைக் கொண்டு மட்டும்தான் பிடிக்க முடியும், வேறு வழியே இல்லை. விராலுக்கு இரண்டு வழி இருக்கிறது. காவல் காப்பது உணர்ச்சியோ இயந்திரமோ, அது உயிரின் வேறொரு வேலை. பசிக்கு வாய் திறக்கிற உயிர் தனக்காகத் திறக்கிறது. தின்கிறது எல்லாம் தின்னப்படலாம் என்ற பொது ஏற்பாட்டில் அதுவும் ஓர் ஆள், நானும் ஓர் ஆள். விரால் தவளையை ஏமாற்றிப் பிடிக்கிறது, நான் விராலை ஏமாற்றிப் பிடிக்கிறேன். அந்தக் கணக்கில் ஒரு நேர்மை உண்டு. குஞ்சுக்காகப் பாய்கிற உயிர் அந்தக் கணக்கிலிருந்து சில வாரம் வெளியே வந்து நிற்கிறது. அது எனக்கு எதிராக விளையாடவே இல்லை.

இன்னொன்றும் உண்டு. மீனுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிகிறது. அங்கே தவளையை எறியும்போது என் மனதில் ஓடுவது ‘குஞ்சை விட்டுட்டு எங்க போகும், வந்துதான் ஆகணும்’ என்பது. இந்த வாக்கியத்தை ஒரு மனுஷனைப் பற்றி யாராவது சொன்னால் அவன் பக்கத்தில் நாம் உட்கார மாட்டோம். மீனைப் பற்றிச் சொன்னதால் அந்த வாக்கியம் சுத்தமாகிவிடுமா? அதைத் திறமை என்று பழகிக்கொண்ட மனது, வேறிடத்திலும் அதைத் திறமை என்றுதான் பார்க்கும் என்று பயப்படுகிறேன்.

மூன்றாவது: இதெல்லாம் வயிறு நிறைந்தவன் பேச்சு. ஒரு விராலை விற்றால் வீட்டுக்கு நாலு நாள் காய்கறி வரும் என்கிறவரிடம் போய்க் குஞ்சு, காவல் என்று பேசுவதா? இந்தக் கேள்விக்குத் தலை குனிய வேண்டியதுதான். அவருக்கு நான் எதையும் சொல்லப் போவதில்லை. குத்தகை எடுத்தவர் வலை இழுத்தால் காவல் நிற்கிறதும் நிற்காததும் சேர்ந்துதான் வரும் என்பதும் உண்மை. கோடையில் தண்ணீர் வற்றிய ஏரியில் ஊரே ஊத்தாவோடு இறங்குமே, அதை நினைத்துப் பாருங்கள். கூடையைத் தண்ணீரில் குத்த வேண்டியது, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டியது. இரை கிடையாது, ஆசை காட்டுவது கிடையாது, மீனைப் பற்றி ஒன்றும் தெரியவே வேண்டாம். தூண்டிலைவிட ஊத்தாவில் சாகிற மீன் எத்தனையோ மடங்கு. இருந்தாலும் அதில் வஞ்சகம் இல்லை. அந்தச் சமயத்தில் ஏரியே முடியப்போகிறது என்பது மீனுக்கும் ஊருக்கும் ஒன்றாகத் தெரிந்த செய்தி.

நான் கேட்பது சாகிற எண்ணிக்கையைப் பற்றி மட்டும் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். தேர்வு இருக்கிறவனைப் பற்றிக் கேட்கிறேன். கையில் ரீலும் ராடும் ரப்பர் தவளையும் இருக்கிறது, இன்று மீன் கிடைக்காவிட்டாலும் வீட்டில் சோறு இருக்கிறது, ஏரியில் குஞ்சு இல்லாத இடம் எவ்வளவோ இருக்கிறது. அவன் ஏன் சிவப்பாய்ச் சிலிர்க்கிற அந்த ஒரு இடத்தைத் தேடிப் போக வேண்டும்? அங்கே நிச்சயம் மாட்டும் என்பதுதான் ஒரே பதில். தூண்டிலின் சுவாரஸ்யமே மாட்டுமா மாட்டாதா என்பதில் இருக்கிறது என்று அவனேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

*

கடலுக்குத் தடைக்காலம் இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். மீன் இனப்பெருக்கத்துக்காக என்று எல்லோருக்கும் தெரியும், முணுமுணுத்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஏரிக்கரையில் ஒற்றைத் தூண்டிலோடு நிற்கிறவனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவன் என்ன செய்தான் என்பது அவனுக்கும் தண்ணீருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். பார்க்க ஆளில்லாத இடத்தில் ஒருவன் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் கோடு என்பதால்தான் இதைச் சட்டத்தின் கேள்வியாக இல்லாமல் அறத்தின் கேள்வியாக எழுதுகிறேன்.

அந்தக் கோடு பெரிய தியாகம் ஒன்றையும் கேட்பதில்லை. மீன் பிடிப்பதை விடச் சொல்லவில்லை, மீன் தின்பதை விடச் சொல்லவில்லை. வள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் கேட்டது இதைவிட மிகப் பெரியது. அந்த இடத்துக்கு நான் போய்ச் சேரவில்லை, போகிறேன் என்றும் சொல்ல மாட்டேன். விரால் குழம்பு எனக்குப் பிடிக்கும். முழுசாக நல்லவனாக முடியாவிட்டால் எந்தக் கோடும் தேவையில்லை என்று நினைப்பதுதான் நம்மை நிறைய இடங்களில் கெடுக்கிறது. கொல்கிறவனுக்கும் செய்யக் கூடாதது என்று சில இருக்கின்றன. வேட்டையாடியே வாழ்ந்த சமூகங்களும் சினையையும் குட்டியோடிருப்பதையும் விட்டுவிடும் வழக்கங்களை வைத்திருந்தன. அவர்களுக்கு நம்மைவிடப் பசி அதிகம்.

தூண்டிலில் நல்ல கை என்றால் என்ன? அந்த அண்ணன் சொன்னதிலிருந்தே பதில் எடுக்கலாம். நரம்பு வழியாகக் கைக்கு வருகிற அதிர்வில் பசியையும் காவலையும் பிரித்துச் சொல்ல முடிகிற அறிவு அவருக்கு இருக்கிறது. முப்பது வருஷம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றால்தான் அது வரும். எனக்கு இல்லை, ரீல் வாங்கிப் போன மாதம் ஆரம்பித்த பையனுக்கும் இல்லை. அவ்வளவு தெரிந்த கைக்குத்தான் விட்டுவிடவும் முடியும். ஒன்றுமே தெரியாதவனுக்குச் சிவப்புத் தூறலும் தெரியாது, தவிர்ப்பதற்கும் ஒன்றுமிருக்காது.

இந்த மழைக்கு ஏரி பிடித்தால் ராடோடு போகிற தம்பிகளுக்குச் சொல்வதற்கு என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. ரப்பர் தவளை போதும். தண்ணீர் ஒரு இடத்தில் மட்டும் சிலிர்த்தால், கொஞ்சம் நின்று பாருங்கள். சிவப்பாக மேலே வந்து இறங்கினால் அது குஞ்சு. நரம்பைச் சுற்றிக்கொண்டு ஐம்பது அடி தள்ளிப் போங்கள். அங்கேயும் விரால் இருக்கும், அதற்குப் பசிக்கவும் செய்யும். மாட்டினால் சாப்பிடுங்கள்.